கொத்தாக அளந்த சோதனை நெல்

சென்ற மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். எனக்கு முன்னால் ஒரு தம்பி, மரபணு மாற்றிய பயிர்களின் சோதனை வயல்களைப் பற்றிப் படம் போட்டு விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். முடிக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "எத்தனையோ பேர் சாப்பிட்டுவிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஊர் ஊராகப் போய்ச் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தால் விஞ்ஞானம் எப்போது வளர்வது?" நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து நாலு வார்த்தை சொல்வதற்குள் டீயைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டீர்கள். அன்றைக்கு விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன். டீ கொடுத்து நிறுத்த முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மரபணுவில் கை வைப்பதே பாவம் என்று கூச்சல் போடுகிறவன் அல்ல நான். நானே கை வைத்தவன். நீங்கள் பிறப்பதற்கு முன்பே, எழுபதுகளில், விதை நெல்லைக் கதிர்வீச்சில் வைத்து எடுத்து முளைக்கப்போட்டோம். கதிர் பட்ட விதையில் மரபணு எங்கெங்கோ மாறும். எங்கே மாறியது, எப்படி மாறியது என்று எங்களுக்குத் தெரியாது. முளைத்து வருவதில் குட்டையாக நிற்பது, சீக்கிரம் கதிர் தள்ளுவது, நோய் தாங்குவது என்று பொறுக்கி எடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்து, கடைசியில் ஒரு ரகம் என்று கொண்டுவருவோம். நீங்கள் இன்றைக்கு எந்த மரபணுவை எங்கே வைக்கிறோம் என்று தெரிந்து வைக்கிறீர்கள். நாங்கள் உண்டியலைக் குலுக்கி என்ன விழுகிறது என்று பார்த்தோம். அந்த நெல்லில் கதிர்வீச்சு மிச்சம் இருக்காது. ஐந்தாறு தலைமுறை தாண்டிய நெல் அது. பெரும்பாலும் கெடுதல் இருந்திருக்காது என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அன்றைக்கு நாங்கள் அளந்தது உயரம், தூர், கதிர், மணியின் எடை. தின்றால் என்ன ஆகும் என்று அளக்க எங்கள் படிவத்தில் இடமே கிடையாது. நெல் தின்பதற்குத்தான் என்பது எங்கள் மேலிடத்துக்கு மறந்தே போயிருந்தது.

நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தென்காசியில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். எனக்கு இருபத்தேழு வயது. அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு அண்ணாச்சியின் வயலில் முக்கால் ஏக்கரைக் குத்தகைக்கு வாங்கி இந்த நெல்லைப் போட்டிருந்தோம். அவருக்கு உரமும் மருந்தும் இலவசம். அதனால் அவர் அதிகம் கேள்வி கேட்கவில்லை. புது ரகம் என்று மட்டும் சொல்லியிருந்தோம். கதிர்வீச்சு விஷயத்தை வாயே திறக்கக் கூடாது என்பது என் மேலதிகாரியின் உத்தரவு. "கதிர் கிதிர்னு சொன்னா அணுகுண்டுன்னு நெனச்சிக்கிட்டு ஒருத்தன் வயல்ல எறங்க மாட்டான்யா. புது ரகம். அவ்வளவுதான் உம்ம வாயில வரணும்" என்றார். அவரும் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் இப்படித்தான் உத்தரவு போடுவார்கள்.

மாசி மாதம் பிசானம் என்னும் இரண்டாம் போக அறுவடை வந்தது. மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்திருந்தது. விளைந்த நெல் முழுவதையும் சாக்கில் கட்டி அரக்கு முத்திரை வைத்து அனுப்ப வேண்டும், ஒரு மணிகூட உணவுக்கோ விதைக்கோ வெளியே போகக் கூடாது, படித்துப் பார்த்தேன் என்று களப்பணியாளர் கையெழுத்திட வேண்டும். எழுதியவர் கண்டிப்பாக ஒரு நெற்களத்தில் நின்றிருக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் அறுப்புக் கூலி பணமாகக் கிடையாது. அறுத்த நெல்லிலேயே, அடித்த களத்திலேயே, அன்றைக்கே அளந்து கொடுப்பார்கள். கொத்து என்று பெயர். வேறு குவியலிலிருந்து அளந்தால் வாங்க மாட்டார்கள். அவருக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியும். நான் சுரண்டைக்காரன். கொத்து நெல்லைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் ஆங்கிலத் தாளை வாசித்தபோது என் ஊர் வழக்கம் ஒன்றுகூட மண்டையில் வரவில்லை. படித்துப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். என் முதல் தப்பு அது.

அடித்துத் தூற்றிக் குவித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. பதினோரு பெண்கள் ஓலைப் பெட்டியோடு குவியலைச் சுற்றி நின்றார்கள். அவர்களைக் கூட்டி வந்தது மாடத்தி என்ற அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் சொன்னால் அந்தத் தெருவில் அத்தனை பேரும் அறுப்புக்கு வருவார்கள், வேண்டாம் என்றால் ஒருத்தியும் வர மாட்டாள்.

"அக்கா, இந்தக் குவியல் வேண்டாம். அண்ணாச்சியோட மத்த வயல் நெல்லு அங்கன கெடக்கு. அதுல கொத்து அளந்துக்கிடுங்க" என்றேன்.

"அறுத்தது இத, அளக்குதது அதையா?" என்றார் மாடத்தி.

"இது ஆபீஸ் நெல்லு."

"ஆபீஸ் நெல்லுன்னா அருவா தானா அறுத்துதா சார்? நாங்கதான குனிஞ்சோம். போன வருசம் ராயகிரிக்கு அறுக்கப் போன எடத்துல இப்பிடித்தான், நல்ல குவியல ஒதுக்கி வச்சிட்டுப் பதரா அளந்தானுவ. இவளுவ எல்லாம் என்னைத்தான் ஏசுனாளுவ. இன்னொரு மட்டம் என்னால கேக்க முடியாது."

அண்ணாச்சியும் அவர் பக்கமே பேசினார். "அவ சொல்லுததுல தப்பில்ல சார். கொத்துன்னா அறுத்த நெல்லுலதான். அப்பிடி என்னதான் இருக்கு இந்த நெல்லுல?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் நின்று பாருங்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "இது சோதனை நெல், இதைத் தின்று இதுவரை யாரும் பார்த்ததில்லை." இதைச் சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷம் பதினோரு பேரும் மற்றக் குவியலுக்குப் போயிருப்பார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தின்னக் கூடாது என்ற உத்தரவும் என் பையில் இருந்தது, சொல்லக் கூடாது என்ற உத்தரவும் என் காதில் இருந்தது. இரண்டையும் ஒருவனால் காப்பாற்ற முடியாது. மேலே இருக்கிறவர்கள் இப்படி ஒன்றையொன்று வெட்டும் இரண்டு உத்தரவைப் போட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பார்கள். வெயிலில் நிற்பவன் எதையாவது உடைக்க வேண்டும். நான் எதை உடைத்தேன்? அப்போதைக்கு எனக்கு ஏச்சு வராததை உடைத்தேன். பேசாமல் ஒதுங்கி நின்றேன். அண்ணாச்சி மரக்காலை எடுத்துக் கொத்து அளந்தார். பதினோரு பெட்டியும் நிரம்பிப் போயின.

மூன்றாம் நாள் மாடத்தி பஸ் ஏறித் தென்காசிக்கு வந்து, விசாரித்து விசாரித்து எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். எங்கள் ஜீப் டிரைவர் டீக்கடையில் வாயை விட்டிருக்கிறார். ஏதோ கதிரைக் காட்டி வளர்த்த நெல் என்று ஊருக்குள் பேச்சு. என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே கேட்டார்.

"சார், எம் மவ செல்லத்தாயி வாயும் வயிறுமா வந்திருக்கா. நாலு மாசம். இந்த நெல்ல அவிச்சுக் காயப் போட்டிருக்கேன். இன்னும் குத்தல. ஊருக்குள்ள என்னென்னமோ சொல்லுதாவ. நீங்க படிச்சவுக. அவளுக்குப் பொங்கிப் போடலாமா, கூடாதா?"

மேலதிகாரியின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் பேனாவை நிறுத்தியது தெரிந்தது. நான் சொன்னேன், "போடலாங்கா. அது சும்மா புது ரகம்தான்."

"நீங்க சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நூறு கேள்வி கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. என்னை நம்பிவிட்டார்.

போடலாம் என்று நான் சொன்னது விஞ்ஞானப்படி தப்பாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "கெடுதல் இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. வேண்டுமானால் வேறு நெல் மாற்றித் தருகிறேன்." இதைச் சொல்ல எந்தப் பட்டமும் வேண்டாம். மேலதிகாரி ஏசினால் ஏசட்டும் என்ற எண்ணம் போதும். அது அன்றைக்கு என்னிடம் இல்லை.

மூட்டைகளை எடை போட்டபோது குறைந்தது. மேலதிகாரி குதித்தார். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பதினோரு வீட்டில் அடுப்பு ஏறிவிட்டதே என்றா? இல்லை. விளைச்சல் எண்ணிக்கை கெட்டுப்போயிற்றே என்று. கொத்து அளந்தது எத்தனை மரக்கால் என்று கேட்டு, கணக்குக் கூட்டி, எண்ணிக்கை சரியானதும் அமைதியானார். பிறகு போகிற போக்கில், "தின்னவங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "அப்ப அதையும் ஒரு வரி எழுதிப்போடும். நாளைக்கு நமக்குப் பாதுகாப்பு" என்றார். எழுதினேன். கூலியாகப் பெற்ற நெல்லை உண்ட குடும்பங்களில் தீய விளைவு எதுவும் காணப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்தக் குடும்பங்களில் ஒன்றின் வாசலைக்கூட நான் மிதித்திருக்கவில்லை. மாடத்தியின் வீடு எந்தத் தெரு என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

அந்த நெல் இரண்டு வருஷத்தில் கைவிடப்பட்டது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மில்லில் அரைத்தால் அரிசி உடைந்து குருணையாகிறது என்று மில்காரர்கள் சொன்னார்களாம். அவர்களை வரவழைத்து, காபி கொடுத்து, கருத்துக் கேட்டு, அறிக்கையில் அச்சடித்திருந்தார்கள். ஆக, கேட்கத் தெரியாதவர்கள் அல்ல நாங்கள். யாரிடம் கேட்பது என்பதில் மட்டும் ரொம்பத் தெளிவாக இருந்தோம்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். மனிதன் தன் தப்பை மறப்பதில் கெட்டிக்காரன். எண்பதுகளின் தொடக்கத்தில் குற்றாலத்தில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். விதை ஆராய்ச்சிக்கும் குற்றாலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனி மாதம், சாரல், அருவியில் தண்ணீர். அதுதான் சம்பந்தம். வெளியூர் நிபுணர்கள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் வந்து உட்கார்ந்தார்கள்.

அவர்களில் பெரியவர் ஒருவர் பேசினார். கதிர் வைத்த விதையிலிருந்து இன்னும் சில நெல்ரகங்கள் வரப்போகின்றன, அவற்றை உண்பதில் அச்சப்பட ஒன்றுமில்லை என்றார். ஆதாரம் என்று திரையில் ஒரு வரியைப் போட்டார். தென்காசி வட்டாரத்தில் உழைப்பாளர் குடும்பங்கள் உண்டு பார்த்ததில் தீய விளைவு எதுவும் காணப்படவில்லை என்று இருந்தது. என் வரி. மாடிமேல் உட்கார்ந்து, மேலதிகாரியின் பாதுகாப்புக்காக எழுதிய வரி. நாங்கள் மூடி மறைத்த தப்பு, ஏழு வருஷத்தில் உணவுப் பரிசோதனை என்று பெயர் மாறி மேடை ஏறிவிட்டது. அவர்கள் தெரியாமல் தின்றதும் பயன்பட்டது, நாங்கள் சொல்லாமல் விட்டதும் பயன்பட்டது.

எழுந்து கேட்டேன், "எந்தெந்த வீட்டில் விசாரித்தார்கள்?"

"களப்பணியாளரின் அறிக்கை இருக்கிறது" என்றார் அவர்.

"அந்தக் களப்பணியாளர் நான்தான். ஒரு வீட்டுக்கும் போகவில்லை. அவர்களுக்கு அது என்ன நெல் என்று சொல்லவும் இல்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள்."

தலைமை வகித்தவர் தொண்டையைச் செருமிவிட்டு, இது நிர்வாகம் சம்பந்தப்பட்டது, தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். பேரருவியில் இன்று தண்ணீர் நன்றாக விழுகிறதாம், அமர்வைச் சற்று முன்னதாகவே முடிக்கலாம் என்றும் சொன்னார். எல்லோரும் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். என் பக்கத்தில் இருந்த நண்பர், "உமக்கு எதுக்குவே இந்த வேலை, அந்தப் பொம்பளைகளுக்கு ஒண்ணும் ஆகலல்லா?" என்று தோளில் தட்டினார். உங்கள் தம்பி சென்ற மாதம் கேட்டதும் இதே கேள்விதான். அந்த வரி அப்புறம் கருத்தரங்க மலரிலும் அச்சாயிற்று. எடுக்கச் சொல்லி நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

அன்றைக்கு நான் அருவிக்குப் போகவில்லை. தென்காசி வந்து அச்சன்புதூர் பஸ்ஸைப் பிடித்தேன். மாடத்தி அக்காவுக்கு முட்டு வலி, அறுப்புக்குப் போவதை நிறுத்தியிருந்தார். வீட்டு நடையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, "வாங்க சார், இங்கன இரிங்க" என்று பாயை நகர்த்திப் போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அது என்ன நெல், ஏன் மாற்றி அளக்கச் சொன்னேன், எதை எழுதினேன், அதைக் கொண்டு இன்றைக்கு எங்கே பேசினார்கள் என்று ஒன்று விடாமல். அவர் நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அன்னைக்கு உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"தெரியாமத்தான் போடலாம்னியளா?"

"ஆமா."

சுற்றிய பீடியின் நூலை அறுத்தார். பிறகு சொன்னார். "நீங்க சொன்னதத்தான் நான் எல்லார்ட்டயும் சொன்னேன், சார் சொல்லிட்டாவன்னு. பொறவு ஊருக்குள்ள ஒவ்வொருத்தி ஒவ்வொண்ணு சொன்னா. கையி காலு இல்லாமப் பொறக்கும்னா ஒருத்தி. செல்லத்தாயி சோத்துல கைய வச்சிக்கிட்டு எம் மூஞ்சியவே பாப்பா. அஞ்சு மாசம் சார். பிள்ள பொறந்ததும் ஆணா பொண்ணான்னு நான் பாக்கல. வெரலத்தான் எண்ணுனேன். மருத்துவச்சி ஏசுதா, நான் கால்வெரலையும் எண்ணுதேன்."

குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். நிபுணர்கள் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள். அந்த ஐந்து மாதத்தை எங்கள் அறிக்கையில் எங்கே எழுதுவது என்று நான் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். பார்க்கப் போகாதவனுக்கு எதுவும் காணப்படாது. இதைக்கூடப் புரிந்துகொள்ள முடியாதவன் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

போகும் முன்னால் ஒன்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னைக்கு ஆபீசுல நான் தெரியாதுன்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பியக்கா?"

மாடத்தி அக்கா பீடியைச் சுளகில் வைத்தார்.

"என்ன செய்ய? வீட்டுல வேற நெல்லு ஏது? நான் ஒரு எட்டு நாளு பொங்கித் தின்னு பாத்திருப்பேன். எனக்கு ஒண்ணும் செய்யலன்னா, பொறவு அவளுக்குப் போட்டிருப்பேன்."

எங்கள் நிறுவனத்தில் இத்தனை படித்தவர்கள் இருந்தோம். ஒருவருக்கும் தோன்றாத ஒழுங்கான சோதனை அது. அதைச் செய்ய அவருக்கு என்னிடமிருந்து ஒரே ஒரு சொல் தேவைப்பட்டது. அவர் என்னை ஏசவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நீங்க போடலாம்னு சொன்னிய. புது நெல்லாச்சேன்னு மொதப் பொங்கு அவளுக்குத்தான் போட்டேன்."